வீட்டோடு ஒரு தேங்க்ஸ்கிவிங்: ஃப்ரேமிங்ஹாமுக்குப் புதிதாக வந்தவருக்கு

தம்பி, நீங்கள் கேட்டதன் சாரம் இதுதான். செப்டம்பரில் சென்னையிலிருந்து மாசசூசெட்ஸ் ஃப்ரேமிங்ஹாமுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். வீட்டில் நீங்கள், மனைவி, ஏழு வயது மகள், சில மாதங்கள் இருந்துவிட்டுப் போக வந்திருக்கும் அம்மா. நவம்பர் நாலாவது வியாழனன்று வரும் விருந்துப் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் பற்றியே ஊர் முழுக்கப் பேச்சு, உங்களுக்கோ இங்கே நெருங்கியவர் யாருமில்லை. நாலு பேர் மட்டும் வீட்டிலிருந்து என்ன செய்வது, வான்கோழி சமைத்தே ஆக வேண்டுமா, சைவமான அம்மாவுக்கு என்ன, பள்ளியில் பூர்வகுடிகள்போல் அணிய மகள் செய்த இறகுத் தொப்பிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டோடு இருப்பதே நல்லது. முதல் வருடம் எங்காவது கிளம்பிப் போனால் புதன் மாலை நெடுஞ்சாலை நெரிசலிலும் ஞாயிறு திரும்பும் நெரிசலிலும் விடுமுறை பாதி போய்விடும். புதிதாக ஒரே ஒரு பண்டத்தை ஒழுங்காகச் செய்யுங்கள். மற்றதெல்லாம் உங்கள் வீட்டுச் சமையலாகவே இருக்கட்டும்.

முதலில் கடை. மற்ற மாநிலங்களில் இருக்கும் நண்பர்கள் "வியாழன் காலையில்கூட சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும், ஏதாவது விட்டுப்போனால் ஓடிப்போய் வாங்கிக்கொள்ளலாம்" என்பார்கள். அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். மாசசூசெட்ஸில் ஞாயிறன்று கடை திறக்கத் தடை போட்ட பழைய சட்டங்களின் எச்சம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. தேங்க்ஸ்கிவிங் அன்று பெரிய மளிகைக் கடைகள் திறக்கவே கூடாது. ரோட் ஐலண்டிலும் மெய்னிலும் இதே கதைதான். பெட்ரோல் பங்க்கை ஒட்டிய சிறு கடையும் சில மருந்துக் கடைகளும்தான் கிடைக்கும். அங்கே பால் இருக்கும், கொத்தமல்லி இருக்காது. அதனால் பால், தயிர், வெங்காயம், அம்மாவின் மாத்திரை எல்லாம் செவ்வாய் இரவுக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். புதன் மதியத்துக்கு மேல் கடையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அன்று பல பள்ளிகள் சீக்கிரம் விட்டுவிடும், மகளின் பள்ளி நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியாழன் தபால் வராது, வங்கி கிடையாது, பாஸ்டன் ரயில் விடுமுறை அட்டவணையில் ஓடும். தெருவில் குப்பை எடுக்கும் ஊர்களில் அந்த வாரம் வியாழக்கிழமைக் குப்பை பொதுவாக ஒரு நாள் தள்ளிப்போகும். ஊருக்கு ஃபோன் செய்வதில் ஒரு கணக்கு மாறியிருக்கும். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு, இந்தியா நம்மைவிட பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே காலை 8 என்றால் அங்கே மாலை 6.30. அம்மா சொந்தக்காரர்களோடு பேச அதுதான் வசதியான நேரம். அதே கடிகார மாற்றத்தால் இங்கே மாலை 4.15 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். வெளியே நடக்க வேண்டுமென்றால் மூன்று மணிக்குள் கிளம்ப வேண்டும்.

இனி சமையல். நாலு பேரில் மூன்று பேர்தான் அசைவம் என்றால் முழு வான்கோழி வேண்டவே வேண்டாம். முழுப் பறவை பெரும்பாலும் 10 பவுண்டுக்கு மேல்தான் இருக்கும். அதைத் தின்று தீர்க்க ஒரு வாரம் ஆகும், நாலாம் நாளே அலுத்துவிடும். எலும்போடு கூடிய மார்புப் பகுதி தனியாகக் கிடைக்கும். 4 முதல் 6 பவுண்டு அளவில் ஒன்று வாங்குங்கள். உறைந்ததாக இருந்தால், 4-5 பவுண்டுக்கு ஒரு முழு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விட வேண்டும். கீழே விளிம்புள்ள தட்டு இருக்கட்டும், நீர் வடியும். செவ்வாய்க்கிழமை காலையில் ஃப்ரீஸரிலிருந்து இறக்கினால் சரியாக இருக்கும். மறந்துவிட்டால் சமையல் மேடையில் இரவெல்லாம் வெளியே வைக்காதீர்கள். உள்ளே உறைந்திருக்கும்போதே மேல்பகுதி கெட ஆரம்பித்துவிடும். உறையோடு குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரை மணிக்கொரு முறை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் பவுண்டுக்கு அரை மணி நேரத்தில் உருகும். இப்படி உருக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும்.

கறியைக் கழுவும் பழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அதை விட்டுவிடுங்கள். சிங்க்கில் கழுவும்போது தெறிக்கும் நீர் பக்கத்தில் வைத்திருக்கும் கீரை வரை போகும், கிருமியும் கூடவே போகும். காகிதத் துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். தோலும் அப்போதுதான் மொறுமொறுப்பாகும்.

உப்பில் பலர் தவறுவது உறையைப் படிக்காததால். "உப்பு நீர் சேர்த்தது" என்ற பொருளில் சிறிய எழுத்தில் ஒரு சதவீதக் கணக்கு போட்டிருந்தால் அதில் ஏற்கெனவே உப்பு ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் உப்பு தடவினால் வாயில் வைக்க முடியாது. அப்படிப் போடவில்லையென்றால் 5 பவுண்டுக்கு ஒன்றரை தேக்கரண்டி தூள் உப்பை முந்தின இரவே எல்லாப் பக்கமும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

வான்கோழி மார்பில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் வறண்டு நார்நாராகிவிடும். அதற்கு வைத்தியம் வெண்ணெய். இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயில் புதிதாக இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு நாலு பல் கலந்துகொள்ளுங்கள். கழுத்துப் பக்கத்திலிருந்து விரலைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே மெல்ல விட்டால் மெல்லிய சவ்வு தானாகப் பிரியும். ஒரு பை போலத் திறந்துகொள்ளும் அந்த இடத்துக்குள் வெண்ணெயை வைத்து, மேலிருந்து தோலை நீவித் தள்ளினால் எல்லா இடத்துக்கும் பரவிவிடும். மிளகாய்த்தூளைத் தோலின் மேல் பூசாதீர்கள். ஒன்றரை மணி நேர வெக்கையில் அது கருகிக் கசக்கும். காரம் வேண்டுமென்றால் அதையும் தோலுக்கு அடியிலேயே வையுங்கள்.

ஓவனைத் திறந்து பாருங்கள். நம் வீடுகளில் அது தோசைக்கல், இட்லித் தட்டு, பழைய பிளாஸ்டிக் டப்பா வைக்கும் அலமாரி. உள்ளே இருப்பதை எடுக்காமல் சூடேற்றிப் பிளாஸ்டிக் உருகுவது இங்கே அடிக்கடி நடக்கிற விபத்து. முந்தின வார இறுதியிலேயே எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அடியில் சிந்தியிருப்பதை ஈரத்துணியால் துடைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து, 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அரை மணி நேரம் வெறுமனே ஓடவிடுங்கள். பழைய எண்ணெய் புகைய வேண்டியது அன்றைக்கே புகைந்து தீரட்டும். புகை அலாரம் வியாழனன்று அலறாது. ஓவனில் தானே சுத்தம் செய்துகொள்ளும் வசதி இருந்தாலும் அந்த வாரம் அதைத் தொடாதீர்கள். அது ஓவனைக் கடும் சூட்டுக்குக் கொண்டுபோகும். அதில் ஃப்யூஸ் போனாலோ கதவு பூட்டிக்கொண்டாலோ பண்டிகை வாரத்தில் ரிப்பேருக்கு ஆள் கிடைக்க மாட்டார்.

மெல்லிய அலுமினியத் தட்டில் சமைப்பதென்றால் அடியில் கனமான பேக்கிங் தட்டு ஒன்றைக் கொடுங்கள். சூடான கொழுப்போடு வெளியே இழுக்கும்போது அலுமினியத் தட்டு நடுவில் மடங்கிக் காலில் கொட்டும். தட்டில் தடிமனாக நறுக்கிய வெங்காயம், கேரட் பரப்பி, ஒரு கப் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் கறியைத் தோல் மேல்பக்கமாக வையுங்கள். ஓவன் 325 டிகிரி ஃபாரன்ஹீட். 4 முதல் 6 பவுண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டேகால் மணி நேரம். நேரத்தை நம்பாமல் வெப்பமானியை நம்புங்கள். குத்திப் பார்க்கும் சின்ன டிஜிட்டல் வெப்பமானி இந்தச் சமையலுக்கு மட்டுமல்ல, வருடம் முழுக்க உதவும். சதையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்துங்கள். எலும்பில் பட்டால் தப்பான எண் காட்டும். 165 டிகிரி வந்ததும் வெளியே எடுத்து, ஃபாயிலைத் தளர்வாக மூடி, இருபது நிமிடம் விட்டுவிட்டு வெட்டுங்கள். உடனே வெட்டினால் சாறு முழுக்கப் பலகையில் ஓடிவிடும். சிலவற்றில் சதைக்குள் செருகியிருக்கும் பிளாஸ்டிக் குமிழ், வெந்ததும் மேலே எழும் என்பார்கள். பெரும்பாலும் அது எழும்புவதற்குள் கறி வறண்டிருக்கும்.

முழு வான்கோழிதான் வேண்டும் என்று மகள் அடம்பிடித்தால் ஒரு எச்சரிக்கை. கழுத்துத் துவாரத்திலும் வயிற்றிலும் கைவிட்டுப் பாருங்கள். ஈரலும் கழுத்தெலும்பும் ஒரு சிறு பையில் போட்டு உள்ளே திணித்திருப்பார்கள். அதை எடுக்க மறந்து அப்படியே ஓவனில் வைப்பவர்கள் உள்ளூர்க்காரர்களிலும் உண்டு.

அம்மாவுக்கு வருவோம். நவம்பர் நாலாவது வியாழன் எப்போதும் 22-க்கும் 28-க்கும் நடுவில்தான் விழும். அதாவது ஒவ்வொரு வருடமும் கார்த்திகை முதல் பாதியில். வீட்டில் யாராவது மாலை போட்டிருந்தால் அசைவப் பேச்சே வேண்டாம், முழுச் சைவ விருந்தே சரி. அதற்கு எந்தக் குறையும் இல்லை, ஏனென்றால் இந்த மண்ணின் பயிர்கள் நம் அடுப்பில் ஏற்கெனவே ஊறிப்போனவை. பரங்கிக்காய், மக்காச்சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பீன்ஸ், மிளகாய் எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து நமக்கு வந்தவை. பரங்கியர் கொண்டுவந்தது பரங்கிக்காய், பெயரே சொல்கிறது. இங்கிருந்த பூர்வகுடிகள் மக்காச்சோளம், பீன்ஸ், பரங்கி மூன்றையும் ஒரே மண்மேட்டில் சேர்த்து வளர்த்தார்கள். சோளத்தண்டில் பீன்ஸ் கொடி ஏறும், பரங்கி இலை நிலத்தை மூடி ஈரம் காக்கும். அம்மா செய்யும் பரங்கிக்காய்க் கூட்டும் பீன்ஸ் பொரியலும் அன்றைய இலைக்குப் பொருத்தமான பண்டங்கள்தான்.

பரங்கிக்காய் வாங்குவதில் மட்டும் கவனம். ஹாலோவீனுக்குச் செதுக்கும் பெரிய ஆரஞ்சுக் காய் தண்ணீரும் நாருமாக இருக்கும், ருசியே இராது. பச்சைத் தோல் கபோச்சா நம் ஊர்க் காய்க்கு நெருக்கமானது. பட்டர்நட்டும் நன்றாக வரும், கொஞ்சம் இனிப்பு கூட. கடையில் ஆயத்தமாக வாங்கும் சைவப் பண்டங்களை நம்பாதீர்கள். சர்க்கரைவள்ளி மேல் போடும் மார்ஷ்மெலோவில் ஜெலட்டின் உண்டு. ரொட்டித் துண்டு ஸ்டஃபிங் பொட்டலத்தில் கோழிச் சாறு இருக்கலாம். சில பை மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். பம்கின் பை என்றால் முட்டை நிச்சயம். ஓவனில் அம்மாவுக்கான கிழங்கைச் சுடுவதாக இருந்தால் கறிக்கு முன்பே சுட்டு எடுத்து வையுங்கள். சேர்த்து வைக்கத்தான் வேண்டுமென்றால் மேல்தட்டில், ஃபாயில் மூடி.

புதிதாக ஒன்றே ஒன்று என்று சொன்னேனே, சைவ அசைவம் இரண்டுக்கும் பொதுவாகச் செய்ய வேண்டியது க்ரான்பெர்ரி. இது நம் மாநிலத்துக் காய். 1816 வாக்கில் கேப் காடில் டென்னிஸ் ஊர் ஹென்றி ஹால், கடல் மணல் காற்றில் பறந்து படிந்த இடத்தில் கொடி செழிப்பதைக் கண்டு அதைப் பயிராக்கினார். இன்றைக்கும் தென்கிழக்கு மாசசூசெட்ஸில் அறுவடைக் காலத்தில் வயலில் தண்ணீர் கட்டி, மிதக்கும் சிவப்புக் காயை வாரி எடுக்கிறார்கள். காய்க்குள் காற்றறை இருப்பதால்தான் மிதக்கிறது. வாணலியில் அது பட்டாசுபோல் வெடிப்பதும் அந்தக் காற்றறையால்தான். இங்குள்ளவர்கள் 12 அவுன்ஸ் காய்ப் பொட்டலத்துக்கு ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு சாஸ் ஆக்குவார்கள். நம் நாக்குக்குத் தொக்கு. கால் கப் நல்லெண்ணெயில் ஒரு தேக்கரண்டி கடுகு தாளித்து, கழுவித் துடைத்த அதே 12 அவுன்ஸ் காயையும் போட்டு, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள் சேர்த்து மூடிவிடுங்கள். படபடவென்று வெடிக்கும், மூடி இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள். வெடிப்பு அடங்கியதும் கரண்டியால் மசித்து, மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு மூன்று தேக்கரண்டி, நெல்லிக்காய் அளவு வெல்லம் சேர்த்து, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை கிளறுங்கள். மொத்தம் பதினைந்து நிமிடம். இறக்கும்போது பெருங்காயம் கால் தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த வெந்தயம் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். காயின் தோலிலேயே துவர்ப்பும் கசப்பும் உண்டு, வெந்தயம் கூடினால் கெட்டுவிடும். புளி தேவையே இல்லை. ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும்.

சாப்பிட்டு முடித்தால் பாத்திரம். கறித்தட்டில் தேங்கிய கொழுப்பை சிங்க்கில் ஊற்றாதீர்கள், வெந்நீர் விட்டாலும்தான். குழாயில் கொஞ்ச தூரம் போனதும் குளிரில் உறைந்து மெழுகுபோல் ஒட்டிக்கொள்ளும். ஆற வைத்து, பழைய டப்பாவில் வழித்துக் குப்பையில் போடுங்கள். உருளைக்கிழங்குத் தோலையும் சிங்க் அரைப்பானில் தள்ள வேண்டாம், பசைபோல் இறுகி அடைக்கும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் ஃப்ரிட்ஜில் வையுங்கள், நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். எலும்பைக் குக்கரில் போட்டு மிளகு ரசம் வைத்தால் வெள்ளிக்கிழமைச் சளிக்கு அதைவிட மருந்து கிடையாது.

அந்த சிங்க் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா? செப்டிக் தொட்டி இல்லாத ஃப்ரேமிங்ஹாம், நேட்டிக் வீடுகளின் கழிவுநீர் பாஸ்டன் துறைமுகத்தின் டியர் ஐலண்டில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. லோகன் விமான நிலையத்தில் இறங்கும்போது முட்டை வடிவத் தொட்டிகள் வரிசையாகத் தெரியுமே, அந்த இடம். நாம் குடியிருக்கும் ஊருக்கும் அந்த இடத்துக்கும் அதைவிடப் பழைய உறவு ஒன்று இருக்கிறது. பக்கத்து ஊர் நேட்டிக், 1651-இல் ஜான் எலியட் என்ற பாதிரியார் கிறிஸ்துவத்துக்கு வந்த பூர்வகுடிகளுக்காக அமைத்த ஊர். 1675-இல் ஆங்கிலேயருக்கும் வாம்பனோவாக் என்ற பூர்வகுடியினரின் தலைவர் மெட்டகோமுக்கும் போர் மூண்டது. நேட்டிக் மக்கள் ஆங்கிலேயர் பக்கம் இருந்தவர்கள். இருந்தும் அவர்களைச் சந்தேகப்பட்டு, அக்டோபர் கடைசியில் படகேற்றி டியர் ஐலண்டில் கொண்டுபோய் விட்டார்கள். குளிர்காலம் முழுக்கப் போதிய உணவோ ஒதுங்க இடமோ இல்லாமல் கடலோரச் சிப்பி பொறுக்கித் தின்றார்கள். நிறையப் பேர் செத்துப்போனார்கள். நீங்கள் வண்டி ஓட்டும் ஓல்டு கனெக்டிகட் பாத் சாலைகூட அந்த மக்கள் நடந்து நடந்து உண்டான பாதைதான்.

உங்கள் மகளின் இறகுத் தொப்பிக்கு இந்த இடத்திலிருந்து பதில் சொல்வதுதான் நியாயம். கப்பலில் வந்தவர்களும் பூர்வகுடிகளும் சேர்ந்து விருந்துண்டார்கள் என்று பள்ளியில் சொல்லும் கதையில் நடந்தது கொஞ்சம் உண்டு. 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பயணிகளில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்தில் இறந்தார்கள். அவர்கள் குடியேறிய ப்ளிமத், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் கொள்ளைநோயில் அழிந்துபோன பட்டக்செட் என்ற கிராமம். அந்தக் கிராமத்தில் பிறந்த டிஸ்குவாண்டம் 1614-இல் பிடித்துச் செல்லப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்டு, எப்படியோ ஊர் திரும்பியபோது ஊரில் ஒருவரும் இல்லை. அவர்தான் வந்தவர்களுக்குச் சோளம் நடக் கற்றுக்கொடுத்தார். 1621 அறுவடைக்குப் பிறகு மூன்று நாள் விருந்து நடந்தது. வாம்பனோவாக் தலைவர் மாசசாயிட் தொண்ணூறு பேரோடு வந்தார், ஐந்து மான் வேட்டையாடித் தந்தார் என்று எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் இருக்கிறது. கப்பலில் வந்து உயிரோடு மிஞ்சியவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விருந்தாளிகள். உருளைக்கிழங்கு கிடையாது, பம்கின் பை கிடையாது. ஐம்பத்து நாலு வருடம் கழித்துப் போருக்கு எழுந்த மெட்டகோம் அந்த மாசசாயிட்டின் மகன்.

ஏழு வயதுக்கு இவ்வளவு போதும்: "பசியோடு வந்தவர்களுக்கு இந்த ஊர்க்காரர்கள் சோறு போட்டார்கள். பிறகு வந்தவர்கள் அவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த மக்கள் இன்றைக்கும் இதே மாநிலத்தில் மாஷ்பியிலும் அக்வினாவிலும் இருக்கிறார்கள்." கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் எல்லாரும் மறைந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் குழந்தைகள் வளர்கின்றன. 1970 முதல் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் ப்ளிமத் கோல்ஸ் ஹில்லில், மாசசாயிட் சிலைக்குப் பக்கத்தில் பூர்வகுடிகள் துக்க நாள் அனுசரிக்கிறார்கள்.

இது தேசிய விடுமுறையானது வெகு பிற்பாடு. சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியர் பல ஆண்டுகள் ஆளுநர்களுக்கும் அதிபர்களுக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். உள்நாட்டுப் போரின் நடுவில் 1863-இல் லிங்கன் நவம்பர் கடைசி வியாழனை அறிவித்தார். 1939-இல் அதிபர் ரூஸ்வெல்ட் கடைக்காரர்களுக்காக அதை ஒரு வாரம் முன்னால் நகர்த்த, பாதி மாநிலங்கள் ஒரு தேதியும் மீதி வேறு தேதியுமாகக் கொண்டாடின. 1941-இல் சட்டம் போட்டு நாலாவது வியாழன் என்று முடிவு செய்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் "ஹாப்பி தேங்க்ஸ்கிவிங்" என்றால் அதையே திருப்பிச் சொன்னால் போதும். தொக்கில் ஒரு சின்னப் பாட்டில் கொடுத்தால் இன்னும் நல்லது, காரம் என்று சொல்லிக் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை தள்ளுபடிக் கூட்டத்தில் அம்மாவை அலைக்கழிக்காமல், வின்த்ரப் வழியாக டியர் ஐலண்டுக்குப் போய்வாருங்கள். 1938 புயலில் நடுவிலிருந்த கால்வாய் தூர்ந்துபோய் இப்போது அது நிலத்தோடு சேர்ந்துவிட்டது, வண்டியிலேயே போகலாம். சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றிப் பொதுமக்களுக்கான நடைபாதை இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பாஸ்டன் கட்டடங்கள். மதியம் ஒரு மணிக்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள். கடல் காற்று ஊசியாகக் குத்தும், அம்மாவுக்குக் காதை மூடும் குல்லாவும் ஃப்ளாஸ்கில் அந்த நாளுக்கென்றே சுக்குக் காப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.